சென்னை அரசுக் கல்லூரியில் படிக்க என்ன செலவாகும், என்ன உதவி கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு வடசென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிறோம். அம்மாக்கள் அங்கே திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்பவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் கலை, அறிவியல் கல்லூரிகளைப் பற்றித்தான். பொறியியல், ஐ.டி.ஐ. பற்றியும் கொஞ்சம் உண்டு.

அரசுக் கல்லூரியில் ஃபீஸே கிடையாதாமே, உண்மையா?

பாதி உண்மை. கல்விக் கட்டணம், அதாவது டியூஷன் ஃபீஸ், அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ரத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் சேர்க்கை, சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவு, நூலகம், விளையாட்டு, ஆய்வகம் என்று சின்னச் சின்னத் தலைப்புகளில் ஒரு தொகை வரும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். பி.ஏ., பி.காம். பாடங்களுக்குக் குறைவு, ஆய்வகம் உள்ள பாடங்களுக்குச் சற்றுக் கூடுதல். செமஸ்டர் தேர்வுக் கட்டணம் தனி. அது பேப்பர் கணக்கில் வரும் என்பதால் அரியர் வைத்தால் ஒவ்வொரு முறையும் மறுபடி கட்ட வேண்டும்.

சேர்க்கையன்று ரசீது இல்லாமல் எந்தப் பணமும் கொடுக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழக நிதி என்று கேட்டாலும் ரசீது கேளுங்கள்.

விண்ணப்பிக்க எவ்வளவு ஆகும்?

அரசு கலைக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே இணையதளம்: டி.என்.காசா. சில ஆண்டுகளாக விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக 50 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். பிரவுசிங் சென்டரில் இதைவிட அதிகம் வாங்கிவிடுகிறார்கள். கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையம் இருக்கிறது, அங்கே போய் இலவசமாகப் போடலாம்.

மாநிலக் கல்லூரி (பிரசிடென்சி) ஒன்றை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மெரினாவில் மாநிலக் கல்லூரியும் ராணி மேரி கல்லூரியும் இருப்பது ஊருக்கே தெரியும். வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் கலைக் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, அண்ணா சாலையில் காயிதே மில்லத் மகளிர் கல்லூரி, நந்தனம் கலைக் கல்லூரி என்று இன்னும் இருக்கின்றன. வீட்டிலிருந்து எது ஒரே பஸ்ஸில் போகும் தூரம் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். மூன்று வருடம் தினமும் போய்வர வேண்டிய இடம்.

அரசு உதவி பெறும் கல்லூரியும் அரசுக் கல்லூரியும் ஒன்றுதானே?

இல்லை. சென்னையில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். லயோலா, பச்சையப்பன், எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி எல்லாம் அரசு உதவி பெறும் கல்லூரிகள். ஆனால் அந்த உதவி கல்லூரியின் எல்லாப் பாடங்களுக்கும் கிடையாது. ஒரே கட்டடத்தில், ஒரே பெயர்ப் பலகையின் கீழ், சில பாடங்கள் எய்டட் (அரசு உதவி பெறுபவை), சில பாடங்கள் செல்ஃப் ஃபைனான்ஸ் (அரசு உதவி இல்லாத சுயநிதிப் பாடங்கள்). பெரும்பாலும் மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிப்ட் செல்ஃப் ஃபைனான்ஸாக இருக்கும். காலை வேளையிலும் சில பாடங்கள் அப்படி உண்டு. எய்டட் பிரிவில் சில ஆயிரத்தோடு முடிகிற வருடக் கட்டணம், செல்ஃப் ஃபைனான்ஸில் பல மடங்காகிவிடும்.

'லயோலாவில் பி.காம். கிடைச்சிருக்கு' என்று சந்தோஷமாக வந்து நிற்கிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, 'எந்த பி.காம்.?' என்பதைத்தான். விண்ணப்பத்தில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே எய்டட் என்றோ செல்ஃப் ஃபைனான்ஸ் என்றோ போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

அரசுக் கல்லூரிகளிலும் இரண்டு ஷிப்ட் உண்டு. அங்கே இரண்டும் அரசுப் பிரிவுதான், பயப்பட வேண்டாம்.

அப்படியானால் பணம் எங்கேதான் செலவாகிறது?

தங்குவதில், சாப்பிடுவதில், போய்வருவதில்.

வீட்டிலிருந்தே போய்வந்தால் பஸ் செலவைச் சமாளித்துவிடலாம். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு எம்.டி.சி. பஸ் பாஸ் இலவசம். தனியார் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை. பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில், அதாவது பிங்க் பஸ்ஸில், 2021 முதல் பாஸே தேவையில்லை. மின்சார ரயிலில் வருகிறவர்கள் கல்லூரியில் சான்று வாங்கி மாணவர் சீசன் டிக்கெட் எடுக்கலாம். பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் இலவசம் என்று ரயில்வே விதி இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கமிருந்து வரும் மாணவிகள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

வெளியூரிலிருந்து வந்து தங்கினால் கணக்கே வேறு. திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ ஷேரிங் ரூமிலோ இருந்துகொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டால், ஒரு வருடக் கல்லூரிக் கட்டணத்தைவிட ஒரு மாதச் செலவு அதிகமாகிவிடும். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மாதக் கடைசியில் எத்தனையோ மாணவர்களை அதுதான் காப்பாற்றுகிறது. இருந்தாலும் முதலில் அரசு விடுதிக்கு முயற்சி செய்யுங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

அம்பேத்கர் சட்டக் கல்லூரிக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது 2018-ல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. கட்டணம் குறைவுதான், ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் புதுப்பாக்கம் போய்வருவதை யோசித்துப் பாருங்கள்.

புத்தகத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். மாநிலக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, பைகிராப்ட்ஸ் ரோடு என்று இன்னமும் பலர் சொல்லும் பாரதி சாலையில், பழைய புத்தகங்கள் கிடைக்கும். படிக்க இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்துப் படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு.

அரசு தரும் மாதம் 1000 ரூபாய் யார் யாருக்கு?

மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு தாலிக்குத் தங்கத்தோடு திருமண உதவியாக இருந்த திட்டம் இப்படி உயர்கல்வி உதவியாக மாறியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கோவையில் தொடங்கியது.

6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் முடிக்கும்வரை மாதாமாதம் வரும். கல்லூரி தனியாரா அரசா என்பது பிரச்சினை இல்லை, பள்ளிதான் கணக்கு. சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம்.

இடையில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளி மாற்றும்போது வீட்டில் யாரும் இவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

நீங்களாகப் பிரவுசிங் சென்டரில் போய்ப் போட வேண்டியதில்லை. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். அவர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கூடப் படிப்பவளுக்கு வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் வங்கிக் கணக்குச் சிக்கல்தான். 'ஆதாரை பேங்க்ல லிங்க் பண்ணிட்டேனே' என்பார்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது ஒன்று. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிமாற்ற அமைப்பில் இணைப்பது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வங்கியில் போய், 'டி.பி.டி. பணம் வர்றதுக்கு ஆதார் சீடிங் பண்ணணும்' என்று அதே வார்த்தையில் சொல்லி ஃபாரம் எழுதிக் கொடுங்கள். (டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்கில் விழுவது, சீடிங் என்றால் மேலே சொன்ன இரண்டாவது இணைப்பு.)

இன்னொரு கூத்தும் நடக்கும். ஸ்காலர்ஷிப்புக்காகப் பள்ளியில் ஒரு கணக்கு தொடங்கியிருப்பார்கள், கல்லூரிக்கு வந்ததும் வேறு வங்கியில் இன்னொன்று. பணம் கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் ஆனதோ அங்கே போய்ச் சேரும். எங்களிடம் வந்த ஒரு பெண்ணின் பணம் ஐந்து மாதமாகப் பழைய கணக்கில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வங்கியில் அலைய முடியாவிட்டால் பக்கத்துத் தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கி, அதையே சீடிங் செய்துகொள்வது சுலபம்.

அடுத்தது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். திவ்யா', ஆதாரில் 'திவ்யா செல்வம்', பாஸ்புக்கில் 'திவ்யா எஸ்.' என்று மூன்று பேராக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரும்பாடு. ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள், கல்லூரி திறப்பதற்கு முன்பே.

சாதிவாரியாக என்னென்ன உதவித்தொகை இருக்கிறது?

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரி திருப்பித் தராத கட்டணங்கள் அனைத்தும் இதில் அடங்கும், அதோடு பராமரிப்புப் படியும் உண்டு. எஸ்.சி. மாணவர்களுக்கு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற படிப்புகளில் வீட்டிலிருந்து வந்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய், விடுதியில் இருந்தால் 6,000. தொழிற்படிப்புகளுக்குக் கூடுதல். 2021-க்குப் பிறகு மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்கிலேயே நேராக விழுகிறது. அதில் கல்லூரிக்கான கட்டணமும் சேர்ந்திருக்கும், அதை ஏழு நாட்களுக்குள் கல்லூரியில் கட்டிவிட வேண்டும். பணம் வந்த சந்தோஷத்தில் செல்போன் வாங்கிவிட்டு, டி.சி. வாங்கப் போகும்போது பாக்கி நிற்கிறது என்று முழித்தவர்கள் உண்டு.

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு வருமான வரம்பே இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் 2.5 லட்சம் வரம்பு.

இரண்டுக்குமே இப்போது யூமிஸ் எண் வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததும் உங்கள் பெயரில் பதிவாகும் எண் அது. அதில் வங்கி விவரம், சாதிச் சான்று எண் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் எந்தப் பிரிவிலும் வரவில்லை. எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, மாநிலக் கல்வி வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு 4.5 லட்சம், இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் வேறு உதவித்தொகை வாங்குகிறவர்கள் இதை வாங்க முடியாது. மாதம் 1000 ரூபாய் ஏற்கெனவே வருகிறது என்றால் ஆண்டுக்கு அதே 12,000 தானே, இதற்காக மெனக்கெட வேண்டாம். தனியார் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் இது உண்மையில் பயன்படும்.

இன்னொன்று, சென்னைக்காரர்களுக்கே அதிகம் தெரியாதது: சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம். 2010-11 முதல் நடக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த உதவி பெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு சில இடங்களை ஏழை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பெற்றோர் இல்லாதவர்கள், கணவரை இழந்த தாயின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோருக்கு முன்னுரிமை. பிளஸ் டூ முடிவு வந்து 15 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அந்த 15 நாளில் வருமானச் சான்று கையில் இல்லாமல்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

எந்தெந்தச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்?

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. நான்கும் இ-சேவை மையத்தில் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். சாதிச் சான்று ஒருமுறை எடுத்தால் போதும். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், எனவே ஏப்ரலில் எடுங்கள். ஜூனில் ஊரே தாசில்தார் ஆபீஸில் நிற்கும். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார், சம்பளச் சீட்டு இல்லை என்று தயங்க வேண்டாம். விசாரணையில் உள்ளபடி சொன்னால் போதும்.

முதல் பட்டதாரி சலுகை கலைக் கல்லூரிக்கு உண்டா?

கட்டணச் சலுகை தொழிற்படிப்புகளுக்குத்தான், அதுவும் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழியும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. இதனால் வீட்டில் சண்டை வருவதும் உண்டு.

அரசுப் பள்ளியில் படித்தால் இன்ஜினீயரிங்கும் இலவசமா?

7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், ஆம். 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டித்தார்கள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பது இங்கேயும் கணக்கு. கட்டணம் இல்லை என்பதற்காக எந்தக் கல்லூரி கிடைத்தாலும் எடுத்துவிடாதீர்கள். கலந்தாய்வில் கிண்டி பொறியியல் கல்லூரி, எம்.ஐ.டி.யில் தொடங்கி வரிசையாக விருப்பத்தைப் பதியுங்கள்.

பொறியியல், டிப்ளமோ சேரும் மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகையும் உண்டு: ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை.

அரசு விடுதியில் இடம் கிடைக்குமா?

உணவும் தங்குமிடமும் இலவசம். ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகள் சென்னையில் பல இடங்களில் உள்ளன, சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி எல்லோருக்கும் தெரிந்தது. 2025-ல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீடு குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி, மாணவிகளுக்கு அந்தத் தூரக் கணக்கு இல்லை. கல்லூரியில் இடம் உறுதியான அன்றே விண்ணப்பம் போடுங்கள். சேரும் முன் ஒருமுறை நேரில் போய்த் தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு எப்படி என்று அங்கே இருக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். எல்லா விடுதியும் ஒன்றுபோல் இருக்காது.

தனியாரில் பணம் கட்டிவிட்டோம், இப்போது அரசுக் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. பணம் திரும்ப வருமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிப்படி குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அந்தத் தேதியை ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் உரிமை இல்லை. வாயால் கேட்டால் 'அடுத்த வாரம் வாங்க' என்பார்கள். கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இழுத்தடித்தால் யு.ஜி.சி.யின் மாணவர் குறைதீர் தளத்திலோ 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலோ புகார் கொடுங்கள்.

கல்விக் கடன் வாங்கலாமா?

அரசு கலைக் கல்லூரிக்காக வாங்காதீர்கள், தேவையே வராது. பொறியியல், செவிலியர் படிப்புக்கு வேண்டியிருந்தால் வித்யாலட்சுமி போர்ட்டல் வழியாக வங்கியில் போடுங்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். தொழிற்படிப்பில் இருந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் அந்த வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டா என்று வங்கியிலேயே கேளுங்கள். நகையை அடகு வைத்தோ தண்டலுக்கு வாங்கியோ கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மாற்றுத்திறனாளிகளுக்கு?

மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. நடக்கிறது. மற்ற கல்லூரிகளில் டி.என்.காசா விண்ணப்பத்திலேயே சிறப்புப் பிரிவில் குறியுங்கள், சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மார்க் குறைவு, ஐ.டி.ஐ. போகலாமா?

மார்க் நன்றாக இருந்தாலும் போகலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. தகுதி இருந்தால் மேலே சொன்ன 1000 ரூபாயும் சேர்ந்து வரும். கிண்டியிலும் அம்பத்தூரிலும் பயிற்சி முடித்துப் பக்கத்துத் தொழிற்பேட்டையிலேயே வேலைக்குப் போனவர்கள் நிறைய.

சேர்க்கையன்று கையில் பணம் இல்லையென்றால்?

உதவித்தொகை எதுவும் சேர்க்கையன்று வராது. பல மாதம் கழித்துத்தான் வரும். எனவே முதல் செமஸ்டருக்கான தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றே திட்டமிடுங்கள். முடியவில்லை என்றால் கலந்தாய்வுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். போய்த் துறைத்தலைவரிடமோ முதல்வரிடமோ நேராகச் சொல்லுங்கள். ஆசிரியர்களே கைப்பணம் போட்டுச் சேர்த்துவிட்டதை அரசுக் கல்லூரிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் தகுதி இருப்பதைச் சொல்லி, சாதி, வருமானச் சான்றுகளைக் காட்டுங்கள்.

பி.ஜி. சேர்ந்தால் 1000 ரூபாய் தொடருமா?

தொடராது. அது முதல் பட்டத்துக்கு மட்டும்தான். சாதிவாரி உதவித்தொகைக்கு மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புது வருமானச் சான்றோடு.